‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி

கணினிப் பாவனையாளரின் அந்தரங்கம் பற்றிப் பேசும்போது இணையத்தளங்களையும் சமூக ஊடகங்களையும் குறைகூறுவதே வழக்கம். இவற்றுக்கெல்லாம் அடியில் நின்று கணினியை இயக்கும் இயங்குதளத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. இந்தச் சர்ச்சையின் பழைய அத்தியாயங்கள் சில அங்கேதான் எழுதப்பட்டன.

1995 இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, அதன் பதிவுச் செயலி கணினியிலுள்ள மென்பொருட்களைப் பட்டியலிட்டு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்கு அனுப்பும் என்ற செய்தி பலரைக் கலவரப்படுத்தியது. ஆயினும் அது பாவனையாளரின் சம்மதத்தைக் கேட்டது. ‘வேண்டாம்’ என்றவரின் பட்டியல் அனுப்பப்படவில்லை.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மென்பொருளாளர் ரிச்சர்ட் சிமித், விண்டோஸ் 98 இன் பதிவுச் செயலியை ஆராய்ந்தார். வன்பொருள் விபரங்களை அனுப்ப வேண்டாம் என்று பாவனையாளர் மறுத்த பின்னரும், அவரது கணினிக்கே உரிய ஓர் அடையாள இலக்கம் மைக்ரோசொஃப்டைச் சென்றடைவதை அவர் கண்டுபிடித்தார். 1999 மார்ச்சில் நியூயோர்க் ரைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. இதுபோன்ற இலக்கம் வேர்ட், எக்செல் ஆவணங்களுக்குள்ளும் மறைவாகப் பதியப்படுவது தெரியவந்தது. இது மென்பொருள் வழுவாக இருக்கலாம் என்று கூறிய நிறுவனம், திருத்தம் வெளியிடுவதாகவும் முறையின்றிச் சேர்ந்த தரவுகளை அழிப்பதாகவும் அறிவித்தது.

ஓர் இலக்கம்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஊழலை அம்பலப்படுத்தும் ஆவணமொன்றைப் பெயர் குறிப்பிடாமல் பத்திரிகைக்கு அனுப்பும் அரச ஊழியரை எண்ணிப் பாருங்கள். கையொப்பம் இல்லாத அந்த ஆவணமே அது எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதே மார்ச் மாத இறுதியில் மெலிசா வைரஸ் பரவியபோது, அதை எழுதியவரைத் தேடியவர்கள் இந்த இலக்கத்தையும் ஒரு தடயமாக ஆராய்ந்தனர். குற்றவாளியைத் தேட உதவும் கருவி, நேர்மையாளரைத் தேடவும் உதவும்.

அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனம் பென்டியம் 3 சில்லில் தொடரிலக்கம் பொறித்தது. அந்தரங்க உரிமை அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. அடுத்த தலைமுறைச் சில்லில் அது இராது என்று 2000 ஆம் ஆண்டு தெரிவிக்கப்பட்டது. எதிர்ப்புக்கு அன்று பலன் இருந்தது.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, வீட்டுப் பாவனைக்கான பதிப்பில் தரவு அனுப்புவதைக் குறைக்க முடிந்ததே தவிர, வழமையான அமைப்புகள் மூலம் முற்றாக நிறுத்த முடியவில்லை. எந்தச் செயலி நிறுவப்பட்டது, அதில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பனவும் திரட்டப்படுவதைச் சுட்டிக்காட்டி, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் முறைப்படி எச்சரித்தது. அடிப்படை நிலையில் திரட்டப்படும் தரவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்ட பின்னர், 2017 இல் அந்த நடவடிக்கை முடிவுற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் நெதர்லாந்தின் ஆணையமும் தமது நாட்டுச் சட்டம் மீறப்பட்டதாகக் கண்டறிந்தது.

1999 இல் ‘வேண்டாம்’ என்ற பதில் மதிக்கப்படாதது அவதூறாயிற்று. 2015 இல் அந்தப் பதிலைச் சொல்லும் இடமே சுருங்கியது. பெரும்பாலானோர் ‘சம்மதம்’ என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். இடையில் மாறியது தொழில்நுட்பம் மட்டுமன்று, எமது சகிப்புத்தன்மையும்தான்.

எனினும் எதிர்ப்பு வீண்போவதில்லை. திரையை இடையறாது படம்பிடித்துக் கணினியிலேயே சேமிக்கும் ‘ரீகோல்’ வசதியை 2024 மே மாதம் மைக்ரோசொஃப்ட் அறிவித்தபோது, பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டனம் எழுப்பினர். வெளியீடு தள்ளிப்போயிற்று. 2025 ஏப்ரலில் அது வந்தபோது, பாவனையாளர் தாமாக விரும்பி இயக்கினாலன்றி இயங்காததாக மாற்றப்பட்டிருந்தது. கேட்டவர்களுக்கே ‘வேண்டாம்’ என்னும் உரிமை திரும்பக் கிடைத்திருக்கிறது.