கிரெயின், மில்லிகிராம், நயா பைசா

பாராசிட்டமால் மாத்திரைல 650னு போட்டிருக்கே, ஏன் 600 இல்ல, 700 இல்லன்னு யோசிச்சிருக்கீங்களா மக்களே? அது ஒரு பழைய எடையோட மிச்சம். பிரிட்டிஷ்காரங்க மருந்தை ‘கிரெயின்’ கணக்கில் நிறுத்தாங்க. கிரெயின்னா தானியமணி. நம்ம தட்டான் குன்றிமணி வெச்சுத் தங்கம் நிறுத்த மாதிரிதான். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். பத்து கிரெயின், 650. ஆஸ்பிரின்ல வர்ற 325, அஞ்சு கிரெயின். அளவை போயிடுச்சு, எண் மட்டும் தங்கிடுச்சு!

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871ல் நர்ஸிங் பயிற்சி ஆரம்பமானது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909ல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். 1946ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. அந்தக் கால மாணவிகளுக்கு மருந்துக் கணக்குன்னா பின்னக் கணக்குதான். கையில் இருப்பது கால் கிரெயின் மார்பின் மாத்திரை, டாக்டர் எழுதினது ஆறில் ஒரு பங்கு கிரெயின். மாத்திரையைத் தண்ணியில கரைச்சு, மூணில் ரெண்டு பங்கை மட்டும் ஊசியில எடுக்கணும். அரைக்கால், மாகாணி வாய்ப்பாடு சொல்லி வளர்ந்தவங்க சமாளிச்சிருப்பாங்க :-)

அப்புறம் எல்லாமே மாறிச்சு. 1957 ஏப்ரல் 1ல் நயா பைசா வந்தது. ஏழு வாரம் கழிச்சு, மே 20ல், எங்க மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்துல நெய்வேலி சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியா நடைமுறைக்கு வந்தன. ஆக, இந்த ஊரு வளர்ந்ததும் வீசையும் படியும் போய் கிலோவும் லிட்டரும் வந்ததும் ஒரே காலம்.

ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கடைக்காரர் ஆறுன்னு வெச்சுக்கிட்டா கால் பைசாதான் நஷ்டம். வார்டுல அப்படி இல்லையே! கிரெயினையும் கிராமையும் சுருக்கி எழுதினா ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். மாத்திப் படிச்சா மருந்து பதினஞ்சு மடங்கு.

மெட்ரிக் வந்ததும் பின்னம் ஒழிஞ்சது, புள்ளி வந்தது. 5.0ல புள்ளி மங்கலா இருந்தா 50. வெறும் .5ன்னு எழுதினா 5. முழு எண்ணுக்குப் பின்னால் சுழி போடாதே, புள்ளிக்கு முன்னால் சுழி போடாமல் விடாதேன்னு 2004ல் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு விதியே கொண்டு வந்தாங்க.

மாணவிகளுக்குச் சொல்லித் தர்ற சூத்திரம் சுலபம்தான். வேண்டியதை, இருப்பதால் வகுத்து, மில்லியால் பெருக்கணும். ஜென்டாமைசின் 2 மில்லியில் 80 மில்லிகிராம். வேண்டியது 60. அப்போ ஒன்றரை மில்லி. ஆனா கணக்கு சரியா வந்தாலும் அளவை தப்பா இருந்தா?

இதுக்கு இன்சுலினே சாட்சி. நம்ம ஊர்ல குப்பியில் வர்றது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் மருந்து மில்லிக்கு 100 யூனிட். மில்லிக்கு 100 யூனிட் உள்ளதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தா, உள்ளே போறது 50 யூனிட். சர்க்கரை தடாலடியா இறங்கி உயிருக்கே ஆபத்து.

இதுல கூட்டல் பெருக்கல் எதுவுமே தப்பில்லை பாருங்க. ரெண்டு அளவைகள் ஒரே அலமாரியில் இருக்கு, அதுதான் வினை. நர்ஸிங் வகுப்பில் சூத்திரத்துக்கு முன்னாடி சொல்லித்தர வேண்டியது இதைத்தான்: எண்ணைப் படிக்காதே, எண்ணோட அளவையைப் படி.

வீட்டுல இன்சுலின் போடுறவங்க இருந்தா, குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்துல வெச்சு இன்னிக்கே ஒருதரம் பாருங்க.