சின்னம்மையும் அக்கியும்



திருபுவனை பக்கம் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போவது பழைய வழக்கம். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதிவிடுவார். மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும். அக்கி பெரும்பாலும் தானாக ஆறுவதுதான். அதனால் நம்பிக்கையும் நிலைத்தது.

உடல் சூடுதான் காரணம் என்றார்கள் பெரியவர்கள். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறிய ஊரின் டாக்டர் ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் குறித்துவைத்தார். 1965இல் தம் கருத்தை வெளியிட்டார். சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சில் உறங்கி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக எழுகிறது என்றார். பின்வந்த ஆய்வுகளும் அதை உறுதி செய்தன.

என் வகுப்பில் சின்னம்மை கண்டு லீவு போட்ட பிள்ளைகளே, அந்தக் கிருமி இன்னும் உங்களுக்குள் இருக்கிறது!

காய்ச்சலின்போது உதட்டில் வரும் கொப்புளமும் இதே ஹெர்ப்பிஸ் குடும்பம். கிருமி வேறு, உறங்கி எழும் குணம் ஒன்று.

இவற்றுக்கான அசைக்ளோவிர் மருந்து உருவாகப் பெரும்பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அக்கிக்கு 3 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணருகே வந்தால் பார்வையே போகலாம். ஆகவே முதலில் டாக்டரிடம் போங்கள். உதட்டில் கொப்புளம் இருந்தால் பச்சிளங்குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். குழந்தையின் உயிருக்கே ஆபத்து.