சட்டிப் பானையிலிருந்து எவர்சில்வர் வரை: சேரி வீட்டின் உட்புற வரலாறு

திண்டுக்கல்லில் நத்தம் பஸ் ஏறி சாணார்பட்டிக்கு வரும் வழியில் இப்போதெல்லாம் 'மாடுலர் கிச்சன்', 'இன்டீரியர்' விளம்பரப் பலகைகள் கண்ணில் படுகின்றன. சன்னல் எந்தப் பக்கம் இருந்தால் காற்று வரும், அடுப்பு மேடை எவ்வளவு உயரம் இருந்தால் இடுப்பு வலிக்காது, பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு வெளிச்சம் எங்கிருந்து விழவேண்டும் என்று காசு உள்ளவர்களுக்கு யோசித்துக் கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்லதுதான். வீடு மனிதருக்காக இருக்கவேண்டும், மனிதர் வீட்டுக்காக இல்லை. ஆனால் அதே சாலையிலிருந்து இறங்கி ஏதேனும் ஒரு தொகுப்பு வீட்டுக்குள் நுழைந்தால் வேறொரு வரலாறு கிடக்கிறது. அந்த வீட்டின் உட்புறத்தையும் யாரோ யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த யோசனையில் நாம் இல்லை, அவ்வளவே.

முதலில் தரையிலிருந்து தொடங்குவோம். 1891-92இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த அறிக்கை என்றுதான் அதை நாம் வழக்கமாக நினைவுகூர்கிறோம். அதில் இன்னொரு செய்தியும் உண்டு. குடிசை நிற்கும் மண்கூட அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. மிராசுதாருக்குக் கோபம் வந்தால் குடிசை போய்விடும். நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வீட்டில் யார் சுவரை உயர்த்துவார்கள்? யார் மாடம் வைப்பார்கள், பரண் போடுவார்கள்? சேரி வீடு தாழ்வாக, சன்னல் இல்லாமல், ஒரே அறையாக இருந்ததற்கு 'அறியாமை' என்று பெயர் வைத்தவர்கள் இந்த நிலவுரிமைக் கணக்கைப் பார்க்கவில்லை.

மண்ணைத் தாண்டி வீட்டுக்குள்ளும் சட்டம் போட்டார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, தங்கம் வெள்ளி அணியக்கூடாது என்ற தடைகள் பலருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் இருந்த மற்றொன்றைத்தான் இங்கே கவனிக்கச் சொல்கிறோம்: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் பொருளும் அழிக்கப்பட்டன. தெருவில் எப்படி நடக்கவேண்டும் என்பதோடு சாதி நின்றுவிடவில்லை. அடுப்படிக்குள் வந்து எந்தப் பானையில் சோறு பொங்கவேண்டும் என்றும் சொன்னது.

இதைத் தெரிந்துகொண்டு நம் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள் தோழர்களே. சின்ன அறை. ஒரு சுவர் முழுக்க எவர்சில்வர் குடமும் தூக்கும் தட்டும் புளிபோட்டுத் துலக்கியதுபோல வரிசையாக அடுக்கியிருக்கும். புழங்குவது நாலு பாத்திரம்; அடுக்கியிருப்பது நாற்பது. 'இவ்வளவு சின்ன வீட்டில் எதற்கு இத்தனை அடைசல்' என்று கேட்பவர்கள் உண்டு. நம்மில் படித்தவர்களும் அப்படிக் கேட்டிருக்கிறோம். உலோகப் பாத்திரத்துக்காகக் குடிசை எரிந்த காலம் இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. நம் பாட்டிமார் அந்த அலமாரியில் அடுக்கியது வெறும் பாத்திரமில்லை.

பொருளின் மீதான அந்தக் கோபம் பின்னாலும் தணியவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தபோது எதை உடைத்தார்கள்? டிவி, மின்விசிறி, தையல் மெஷின், பீரோ. வளைகுடாவுக்குப் போய் உழைத்து வாங்கிய பொருட்கள். பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும்கூடத் தப்பவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்று மூன்று ஊர்களில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. (இது தர்மபுரி நத்தம், நம் பஸ் போகும் நத்தம் இல்லை.) அங்கும் பீரோவை உடைத்து, நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, பிறகுதான் தீ வைத்தார்கள். வெண்மணியில் 1968இல் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கொடியங்குளத்திலும் தர்மபுரியிலும் குறிவைக்கப்பட்டது, நாம் வசதியாக இருக்கத் தொடங்கியதை.

இந்த இடத்தில் 'மரபு வீடு' பற்றி ஒரு வார்த்தை. திண்ணை, முற்றம், ரேழி, கொல்லை என்று பழைய வீடுகளின் குளிர்ச்சியைப் பற்றி இப்போது நிறையப் பேர் உருகி எழுதுகிறார்கள். முற்றம் காற்றை இழுக்கும் என்பது உண்மை. அந்த வீட்டின் வரைபடம் ஒரு சாதி வரைபடம் என்பதும் உண்மை. யார் திண்ணையோடு நிற்பது, யார் முற்றம் வரை வரலாம், யார் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து கூலி நெல் வாங்கவேண்டும் என்று ஒவ்வொரு வாசற்படியும் சொல்லிற்று. திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட மக்கள் மாடி வீடு கட்டத் தடை இருந்தது. போராடி, 1921இல் அரசு ஆவணங்களில் அந்தப் பெயரை நாடார் என்று மாற்றவைத்தார்கள். நம் ஒன்றியத்தின் பெயரில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே காற்றோட்டத்தை எடுத்துக்கொள்வோம், வாசற்படி வரிசையை விட்டுவிடுவோம்.

அரசு கட்டிய வீட்டுக்கு வருவோம். ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978இல் தமிழகம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ காலனிகள் கட்டியது. மனைப்பட்டா பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டின் உள்ளே? 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் பரப்பளவு சுமார் 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்க ஆளுக்கு 15 சதுர அடி வைத்தால் 75 போய்விடும். பீரோ, பாத்திரம், அரிசி மூட்டை, அடுப்பு. மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டியும் உள்ளேதான். மிச்சத்தில் வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுவாள்? பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எங்கே படிப்பான்?

அம்பேத்கர் எப்படிப் படித்தார் என்று தனஞ்சய் கீர் எழுதியிருக்கிறார். பம்பாய் பரேலில் சால் ஒன்றில் ஒற்றை அறை. அதுவே அடுக்களை, அதுவே படுக்கை, அதுவே படிப்பறை. அப்பா ராம்ஜி விழித்திருந்து இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிட்டுத் தான் படுப்பார். இருவரும் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லாத வீட்டில், தூக்கத்தை முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள். அதே மனிதர் 1930களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது மேல்தளத்தையே பல்லாயிரம் நூல்களுக்கு ஒதுக்கினார். கையில் காசு வந்ததும் அவர் முதலில் திருத்திய குறை எது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தொகுப்பு வீட்டில் இன்னொரு கொடுமை மேற்கூரை. மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் உள்ளே படுத்திருப்பவர் மீது இறக்கும். சிறுமலை அடிவாரத்தில் இருந்தாலும் நம் சமவெளியில் சித்திரை, வைகாசி இரவில் வீட்டுக்குள் படுக்க முடியாது, தெருவில்தான் கட்டில். கூரை வீட்டில் தீப்பயம் இருந்தது, ஆனால் இந்த வெக்கை இல்லை. சில வருடத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியும், பிள்ளை தூங்கும் இடத்தை மாற்றிப் போடுவார்கள். மாற்று வழி இல்லாமல் இல்லை. லாரி பேக்கர் கேரளத்தில் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளில் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துத் தளம் போட்டார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன, வெக்கையும் குறைந்தது. செங்கல்லை நிமிர்த்தி அடுக்கி இடையில் வெற்றிடம் விட்ட சுவரும் அப்படித்தான். அதைவிட முக்கியம், குடியிருக்கப் போகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் கோடு போடவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

இதில் வேடிக்கை, இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. ஒரே மாதிரி வரைபடத்தைத் திணிக்கக்கூடாது, ஒப்பந்ததாரர் கூடாது, பயனாளியே கட்டவேண்டும், புகையில்லா அடுப்பு இருக்கவேண்டும். காலனியில் அச்சில் வார்த்ததுபோல நிற்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிகள் எந்த ஊரில் நடைமுறைக்கு வந்தன என்று கேட்கத் தோன்றும்.

அளவுகள் மெல்ல வளர்ந்திருக்கின்றன. 2011இன் பசுமை வீடு 300 சதுர அடி. படுக்கையறை, சமையலறை, கழிவறை, தாழ்வாரம் எல்லாம் வரைபடத்திலேயே இருந்தன. 2016இன் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் சமையலிடத்தோடு சேர்த்து 25 சதுர மீட்டர். 2024இன் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும். எதிரெதிர் சன்னலுக்கும் அடுப்படிப் புகைபோக்கிக்கும் நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆகவே விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டை அளந்து வரையுங்கள். அறை நீளம், அகலம், சன்னல் எத்தனை, எந்தத் திசை, அடுப்பு எங்கே, புகை எங்கே போகிறது, குளிக்கும் மறைப்பு உண்டா, மழையில் எந்த மூலை ஒழுகுகிறது. படிக்கிற பிள்ளை எங்கே உட்காருகிறது என்பதை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அளக்கும்போது அம்மாக்களிடம் பேசுங்கள். வீட்டை அவர்களைவிட நன்றாக அறிந்த பொறியாளர் இல்லை. அந்தப் பத்துத் தாளையும் அடுத்த கிராம சபையில் வைத்து, புதிதாக வரும் வீட்டின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15க்கு இல்லையென்றால் அக்டோபர் 2 இருக்கிறது.