சேலையை வீசிய மூவர்

கொல்லிமலை ஆகாய கங்கையில குளிச்ச நம்ம நண்பர்களுக்குத் தண்ணியோட வேகத்தைச் சொல்லித் தெரிய வேண்டாம். உயிர் காத்த சாமானியரைக் கௌரவிக்கும் ஜீவன் ரக்ஷா பதக்கத்தை மத்திய அரசு 1961-இல் ஏற்படுத்தியது. துணிச்சலான பெண்களுக்கெனத் தமிழக அரசு 2003-இல் கல்பனா சாவ்லா விருதைத் தொடங்கியது.

மலைக்குக் கிழக்கே, பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். 2020 ஆகஸ்ட் 6. கிரிக்கெட் ஆட வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கினார்கள். நால்வர் ஆழத்தில் சிக்கினார்கள். துணி துவைத்துவிட்டுக் கிளம்பிய மூன்று பெண்கள், யோசிக்கவே இல்லை, கட்டியிருந்த சேலையையே அவிழ்த்து வீசினார்கள். இருவர் பிடித்துக் கரையேறினார்கள்.

ஒன்பதே நாளில், சுதந்திர தினத்தன்று, மூவருக்கும் அந்த விருது. அரசாங்கக் கோப்பு இவ்வளவு சீக்கிரம் நகர்ந்தது ஆச்சரியம்தான்! மற்ற இருவருக்குச் சேலை எட்டவில்லை.