கேள்வி கேட்காத பெட்டி: பழைய காருக்குள் புளூடூத் நுழைந்த வரலாறு

1990களில் வாங்கப்பட்ட ஒரு மாருதி 800 காரில் கேசட் பெட்டி ஒன்று இருக்கிறது. அது உருவான காலத்தில் புளூடூத் என்ற பெயரே இல்லை. அந்தக் காரின் இன்றைய உரிமையாளர் கையில் இருக்கும் கைப்பேசிக்கோ கேசட் என்றால் என்னவென்று தெரியாது. ஆயினும் தில்லியின் கரோல் பாக்கிலோ பெங்களூரின் ஜே.சி. சாலையிலோ சில நூறு ரூபாய் செலவில் இவ்விரண்டையும் பேசவைத்துவிட முடிகிறது. இதைச் சிக்கனத்தின் கதையாகவோ கைத்திறனின் கதையாகவோ மட்டும் வாசிப்பது போதாது. பழைய பெட்டி எதனால் புதிய விருந்தாளியை ஏற்றுக்கொண்டது என்ற கேள்வி, பொருளுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு இட்டுச்செல்கிறது.

காருக்குள் ஒலிக்கருவி முதலில் வந்ததே வெளியாளாகத்தான். சிகாகோவின் கால்வின் நிறுவனம் 1930இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் வானொலி, ஏற்கெனவே வாங்கப்பட்ட கார்களில் பின்னர் பொருத்துவதற்கானது. அதற்குச் சூட்டப்பட்ட ‘மோட்டோரோலா’ என்ற வணிகப்பெயரின் முற்பாதி மோட்டார் வண்டியைக் குறிப்பது. அப்பெயரே 1947இல் நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று. இந்தியாவிலும் நிலைமை பெரிதும் இதுவே. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்கீழ் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. இந்த நடைமுறை 1980கள் வரை நீடித்தது. அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்தில், பின்னர் மாருதியின் அடிப்படை வகைகளிலும்கூட, பாட்டுப்பெட்டி என்பது பெரும்பாலும் கார் வாங்கிய பிறகு கடைத்தெருவில் பொருத்திக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. ஆகவே இந்தியக் கார்களின் இசை வரலாறு பெருமளவில் தொழிற்சாலைக்கு வெளியே நிகழ்ந்த வரலாறு.

தொழிற்சாலையே இசையைத் தர முயன்றபோது என்ன ஆயிற்று என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சான்று உண்டு. கிரைஸ்லர் நிறுவனம் தன் 1956ஆம் ஆண்டுக் கார்களில் ‘ஹைவே ஹை-ஃபை’ என்னும் இசைத்தட்டுக் கருவியை வழங்கியது. சிபிஎஸ் நிறுவனத்தின் பீட்டர் கோல்டுமார்க் வடிவமைத்த அக்கருவி நிமிடத்துக்கு 16⅔ சுற்று வேகத்தில் சுழலும் தனித்தட்டுகளை மட்டுமே ஏற்றது. வீட்டில் இருந்த தட்டுகளைக் காரில் போட முடியாது. காருக்கென வாங்கிய தட்டுகளை வீட்டில் கேட்க முடியாது. சில ஆண்டுகளிலேயே அது மறைந்தது. அடிக்கடி பழுதானது ஒரு காரணம். தன் தட்டைத் தவிர வேறெதையும் ஏற்காதது மற்றொரு காரணம்.

இதற்கு நேரெதிரானது கேசட்டின் கதை. 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு ஒலிநாடாவின் வடிவத்தைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்தது. எந்த நிறுவனத்தின் கேசட்டும் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் பாடும் என்ற நிலை அதனால் உருவாயிற்று. வட இந்தியாவில் இதன் விளைவைப் பீட்டர் மானுவல் தம் ‘கேசட் கல்ச்சர்’ (1993) நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் பிடியில் இருந்த சந்தை, கேசட்டின் வருகையால் சிறு தயாரிப்பாளர்களுக்கும் வட்டார இசைக்கும் திறந்துகொண்டது. லாரிகளிலும் வாடகைக் கார்களிலும் கேசட் பெட்டி இடம்பிடித்தபோது, எந்தப் பாடல் ஒலிக்க வேண்டும் என்ற முடிவு வானொலி நிலையத்திடமிருந்து ஓட்டுநரின் கைக்கு மாறியது.

இதே காலத்தில் இன்னொரு தரப்படுத்தலும் அமைதியாக நிகழ்ந்தது. ஜெர்மானிய நெறியொன்றிலிருந்து வளர்ந்து 1984இல் ஐஎஸ்ஓ 7736 என்ற பன்னாட்டு நெறியாக வெளிவந்த அது, டேஷ்போர்டில் ஒலிப்பெட்டிக்கான திறப்பு 182 மி.மீ. அகலமும் 53 மி.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும் என வரையறுத்தது. பின்புற மின்னிணைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 10487 என்ற நெறி வந்தது. இன்றும் கடைகளில் ‘சிங்கிள் டின்’, ‘டபுள் டின்’ என வழங்கும் சொற்கள் அந்த ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கமே; தகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே அளவுள்ள திறப்பு என்பதன் பொருள், ஒரு நிறுவனத்தின் காருக்குள் வேறெந்த நிறுவனத்தின் பெட்டியையும் வைக்கலாம் என்பது. நகரந்தோறும் கார் உபகரணக் கடைத்தெருக்கள் செழித்ததற்கு இந்த ஒற்றைச் செவ்வகத்துக்கும் பங்குண்டு.

பெட்டியையே மாற்றுவது ஒரு வழி. பெட்டியை மாற்றாமல் அதற்குப் புதிய ஒலியை ஊட்டுவது இரண்டாவது வழி. இந்த இரண்டாவது வழியின் வரலாறுதான் கூடுதல் சுவையுடையது. ஏனெனில் அதில் வரும் கருவிகள் அனைத்தும் வேடமிட்டே உள்ளே நுழைந்தன.

முதல் வேடம் கேசட்டுடையது. கேசட்டின் நாடாவில் பதிந்துள்ள காந்த ஏற்ற இறக்கங்கள் பெட்டியின் வாசிப்பு முனையைக் கடக்கும்போது, அம்முனையில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது, அதுவே ஒலியாகிறது. 1980களின் பிற்பாதியில் தோன்றிய கேசட் அடாப்டரில் நாடா இல்லை. அதே கூட்டுக்குள், வாசிப்பு முனைக்கு நேரெதிராக, இன்னொரு காந்தமுனை மட்டும் இருக்கிறது. வெளிக்கருவியிலிருந்து வரும் மின்குறிகளுக்கேற்ப அது காந்தப்புலத்தை மாற்றுகிறது. பெட்டி அதை நாடா என்றே எடுத்துக்கொள்கிறது. நாடா ஓடவில்லை என உணர்ந்து பெட்டி நின்றுவிடாதிருக்க, உள்ளே வெறுமனே சுழலும் பற்சக்கரங்களும் உண்டு. கையடக்க சிடி கருவிக்காக உருவான இந்த ஏற்பாடு, பின்னர் எம்பி3 கருவிக்கும் அதன்பின் கைப்பேசிக்கும் உதவியது. புளூடூத் வாங்கியைத் தன் கூட்டுக்குள்ளேயே கொண்ட அடாப்டர்களும் பின்னாளில் வந்தன.

இரண்டாவது வேடம் வானொலி நிலையத்துடையது. சிகரெட் லைட்டர் துளையில் செருகப்படும் சிறு பண்பலைக் கடத்தி, கைப்பேசியின் பாடலைப் புளூடூத் வழியே பெற்று, ஓர் அலைவரிசையில் சில அடி தூரத்துக்கு ஒலிபரப்புகிறது. காரின் வானொலிக்கு அது மற்றுமொரு நிலையம், அவ்வளவே. ஆனால் இதற்கு ஆளில்லாத அலைவரிசை ஒன்று வேண்டும். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. 2001இல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் வந்தது. அதன்பின் பெருநகரங்களில் காலி இடம் சுருங்கிற்று. வலிமையான நிலையம் குறுக்கிடும்போது சிறு கடத்தியின் குரல் அடங்கிவிடும். நெடுஞ்சாலையில் தெளிவாகப் பாடும் அதே கருவி நகருக்குள் இரைவதன் காரணம் இதுவே.

மூன்றாவது வேடம் இன்னும் நுட்பமானது. இருக்கைக்குப் பின்னாலோ பின்பெட்டியிலோ பல சிடிகளை அடுக்கிவைக்கும் ‘சிடி சேஞ்சர்’ கருவிக்கென, பழைய பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் தனி இணைப்பு இருந்தது. அந்த இணைப்பில் பொருத்தப்படும் சிறு மின்சுற்று, தானே சிடி சேஞ்சர் எனப் பெட்டியின் வினவல்களுக்கு விடையளிக்கிறது. பெட்டி நம்பிப் பாதையைத் திறந்ததும், அவ்வழியே கைப்பேசியின் பாடல் பாய்கிறது.

வேடமே தேவைப்படாத வழி 3.5 மி.மீ. ‘ஆக்ஸ்’ துளை. சிறிய புளூடூத் வாங்கி ஒன்றை அதில் செருகினால் போதும். வாங்கிக்கான மின்சாரமும் அதே காரிலிருந்து எடுக்கப்படுகையில், எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி பாடலோடு சேர்ந்து கேட்பதுண்டு. ஒலிக்கம்பி ஒரு வழியாகவும் மின்கம்பி மற்றொரு வழியாகவும் பூமியிணைப்பில் சேர்ந்து வளையம் உருவாவதன் விளைவு அது. இடையில் சிறு மின்மாற்றியைக் கொண்ட தனிப்படுத்தியை வைத்தால் வளையம் அறுந்து இரைச்சல் நீங்கும்.

புளூடூத்தின் வரலாறு பலரும் அறிந்தது. 1990களின் நடுவில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வு அது. சிதறிய டேனிஷ் குடிகளை இணைத்த பத்தாம் நூற்றாண்டு மன்னன் ஹரால்டு புளூடூத்தின் பெயரை 1997இல் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக் முன்மொழிந்தார். தற்காலிகமாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கார் இசைக்கு முக்கியமான ஆண்டு 2003: இரட்டைத்தட ஒலியைக் கம்பியின்றி அனுப்பும் ஏ2டிபி என்னும் விதிமுறை அப்போதுதான் வெளிவந்தது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் எஸ்பிசி என்ற ஒலிச்சுருக்க முறையைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என அது விதித்தது. இந்தியாவில் இன்னொரு கதவும் திறக்க வேண்டியிருந்தது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என 2005 ஜனவரியில் ஒன்றிய அரசு விதி வகுத்தது. வானொலி கேட்கவே உரிமம் கோரிய அதே 1933ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விதிக்கு அடிப்படை என்பது கவனத்துக்குரியது. 2016இல் ஐபோன் 7 தன் 3.5 மி.மீ. துளையைக் கைவிட்டதும் வேறு பல கைப்பேசிகள் அதைப் பின்பற்றியதும், புளூடூத்தை வசதி என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு நகர்த்தின.

இவ்வளவும் சாத்தியமானதன் காரணம் எளியது. பழைய பெட்டி தன்னிடம் பேசுவது யார் என்று கேட்கவில்லை. காந்தப்புலம் மாறினால் அது பாடல். அலைவரிசையில் ஒலி வந்தால் அது நிலையம். எந்த நிறுவனத்தின் பொருள், யாருடைய அனுமதி என்ற வினா அதன் அமைப்பிலேயே இல்லை. இன்றைய கார்களின் தொடுதிரை அவ்வாறன்று. குளிரூட்டி, பின்புறக் கேமரா, எச்சரிக்கைகள், வண்டியின் அமைப்புகள் ஆகிய அனைத்தும் அத்திரையோடு பிணைந்துள்ளன. அதைக் கழற்றினால் காரின் பாதிச் செயல்கள் முடங்கும். எந்தச் செயலி உள்ளே வரலாம் என்பதையும் உற்பத்தியாளரே தீர்மானிக்கிறார். 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் வருங்கால மின்கார்களில் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகியவற்றைத் தவிர்க்கப்போவதாக அறிவித்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

மூடிய அமைப்புக்குச் சார்பான வாதங்களும் பொய்யல்ல. ஒரே அளவுத் திறப்பு திருடனுக்கும் வசதியாக இருந்தது. கழற்றக்கூடிய முகப்பும் இரகசிய எண்ணும் அதனாலேயே வந்தன. பழைய காரில் பாடலை மாற்ற ஓட்டுநர் கைப்பேசியைத் தொட வேண்டியிருப்பது ஆபத்து. ஸ்டீயரிங்கில் பொத்தான் இருப்பது பாதுகாப்பு. ஆயினும் பாதுகாப்புக்குத் தேவையான பிணைப்பும் வணிகத்துக்குத் தேவையான பூட்டும் ஒன்றல்ல.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது, வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது. அவ்விவாதம் பெரும்பாலும் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் சுற்றியே நிகழ்கிறது. ஒலிப்பெட்டியின் வரலாறு அதனுடன் இன்னொரு கேள்வியைச் சேர்க்கிறது. ஒரு கார் பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது; கைப்பேசி ஐந்து ஆண்டுகள் நிலைத்தாலே பெரிது. இவ்விரு ஆயுள்களுக்கும் இடையிலான மூட்டு திறந்திருந்தால்தான், இன்னும் பெயரிடப்படாத ஏதோ ஒரு தொழில்நுட்பம் 2040இல் இன்றைய காருக்குள் நுழைய முடியும். நாடா இல்லாத கேசட்டை நம்பி ஏற்ற அந்தப் பழைய பெட்டியிடம் இருந்தது குறைந்த அறிவுதான். உரிமையாளருக்கு அது விட்டுவைத்த இடமோ பெரிது.