பத்து நிமிடப் பாயசம்

அவல் பாயசம் வைக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு கைப்பிடி கெட்டி அவலை நெய்யில் லேசாகச் சிவக்க வறுத்து, கொதிக்கும் பாலில் போட்டால் சீக்கிரமே குழைந்துவிடும். சர்க்கரை என்றால் அப்போதே போடலாம். வெல்லம் என்றால் அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் பாகை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பால் திரிந்துபோகும். ஏலக்காய், முந்திரி, அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி, இன்று கிருஷ்ண ஜெயந்தி என்று நினைவு வந்து, ஆறரைக்குள் ஓர் இனிப்பு வைத்தாக வேண்டிய பெண்களுக்கு இது எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. எனக்கும்தான்.

அவல் இவ்வளவு விரைவில் வேகக் காரணம், அதன் வேலை பெரும்பாலும் முன்பே முடிந்துவிட்டது என்பது. அந்த வேலையைச் செய்தவர்களில் என் அப்பாயியும் ஒருவர்.

தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் கூலிக்கு அவல் இடித்தார். நெல்லை இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, மண்சட்டியில் வறுப்பார்கள். ஒன்றிரண்டு நெல் பொரியத் தொடங்கும் பக்குவம் பார்த்து உரலில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் இடிக்க வேண்டும். ஆறிவிட்டால் தட்டையாகாது, நொறுங்கிப்போகும். ஒருத்தி வறுப்பாள். இருவர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். நடுவில் ஒரு கை உரலுக்குள் போய்க் கிளறிவிட்டு, அடுத்த உலக்கை இறங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். அப்பாயியின் வலது சுட்டுவிரல் நகம் கடைசிவரை கோணலாகவே இருந்தது. புடைத்து எடுத்த நல்ல அவல் பெரிய வீட்டுக்குப் போகும். கூலியாகக் கொஞ்சம் நெல்லும், நொறுங்கலும் தவிடும். பண்டிகை நாளில் அந்த வீட்டுப் பாயசம் கொல்லைப்புறத்தில் தொன்னையில் கிடைக்கும். அவர்கள் சமையல்கட்டை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் கைபட்ட அவல் மட்டும் உள்ளே போனது.

கல்லூரியில் குறுந்தொகையின் 238ஆம் பாடலைப் படித்த அன்று எனக்கு ஒரே உற்சாகம். தொண்டி ஊரில் பச்சை அவல் இடித்த பெண்கள், உலக்கையை வயல் வரப்பில் கிடத்திவிட்டு விளையாடப் போகிறார்கள். பாட்டின் விஷயம் வேறு, சத்தியம் செய்து ஏமாற்றிய ஒருவனோடு வழக்கு. அவல் இடித்தவர்கள் அதில் போகிறபோக்கில் வருகிறார்கள், அதுவும் கையை ஓயவிட்ட நேரத்தில். விடுமுறைக்குப் போனபோது அப்பாயிக்கு இதைச் சொன்னேன்.

“ஒலக்கைய வரப்புல போட்டுட்டு வெளாடப் போனாளுவளா? அப்ப அவளுவ சொந்த நெல்லத்தான் இடிச்சிருப்பாளுவ.”

எங்கள் வகுப்பில் ஆசிரியர் உட்பட யாருக்கும் இது தோன்றவில்லை.

குசேலர் கதையையும் அதன்பிறகு வேறு கண்ணோடுதான் படித்தேன். பாகவதத்தின் பத்தாவது கந்தத்தில், கண்ணனைப் பார்க்கப் போகச் சொல்லிக் கணவனைத் திரும்பத் திரும்ப வற்புறுத்துபவள் மனைவி. அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு நான்கு பிடி அவல் வாங்கி, கந்தைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்புகிறாள். கண்ணன் ஒரு பிடி தின்கிறான், இரண்டாவது பிடியை எடுக்கும்போது ருக்மிணி தடுக்கிறாள். கதாகாலட்சேபங்களில் இது நட்பின் பெருமையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பிச்சை கேட்கும் கூச்சத்தைத் தாங்கிய அந்தப் பெண்ணுக்குப் பாகவதம் பெயர் வைக்கவில்லை. அந்த அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவல் இடித்துக் கொடுத்தவள் கதையின் வாசலுக்குக்கூட வரவில்லை.

உலக்கையைப் பற்றி நாடு முழுக்க விவாதம் நடந்த காலமும் உண்டு. காந்தி 1934இல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தைத் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பேற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஆலை அரிசியில் சத்து போகிறது, கிராமத்தின் வேலையும் போகிறது என்று வாதாடினார். அது சரியான வாதம்தான். 1958இல் வந்த அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலைக்கு அனுமதி கொடுக்குமுன் அந்த வட்டாரத்தில் பெரிய அளவில் வேலையிழப்பு ஏற்படுமா என்பதைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. கைக்குத்தல் அரிசியின் சிறப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோணல் நகம் நினைவுக்கு வரும். குத்துகிற கை யாருடையது என்ற கேள்வி அந்தப் பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் அவல் மிஷின் வந்தது. பெரிய வீட்டார் அங்கே நெல்லை அனுப்பத் தொடங்கினார்கள். அப்பாயியிடம் யாரும் வேலை போய்விட்டது என்று சொல்லவில்லை. அந்த வருடம் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அவர் கைக்கு வந்த ஒரே வருமானம் அது.

“இடுப்பு பொழச்சுது. கைக்காசு போச்சு,” என்பார்.

இயந்திரம் பெண்ணை விடுவித்ததா, வேலையைப் பறித்ததா என்று கருத்தரங்குகளில் நாங்கள் கட்சி கட்டிப் பேசியிருக்கிறோம். அப்பாயி இந்த இரண்டையும் எப்போதும் ஒரே மூச்சில்தான் சொன்னார், ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசி வருடம் எங்களோடு நகரத்தில் இருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, கடைப் பாக்கெட்டைப் பிரித்து அவசரமாகப் பாயசம் வைத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, அடியிலிருந்த அவலை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“ஒரு உமிகூட இல்லயே. மிஷினா?”

“ஆமா அப்பாயி.”

“நாங்க இடிச்சா அங்கங்க ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கும். அதுக்கு ஒருநா திட்டு வாங்கியிருக்கேன்.”

மீதியைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினார். சட்டியில் இருந்ததை ஊற்றினேன்.