உம்மாமாரின் பெயர் எங்கே?



வெள்ளவத்தையில் இருக்கும் எங்களுக்கு பம்பலப்பிட்டி லோரன்ஸ் வீதி தெரியாமல் இருக்காது. லோரன்ஸ் யார் என்று கேட்டால்தான் முழிப்போம். சார்ல்ஸ் அம்புரோஸ் லோரன்ஸ் 1829இல் மாத்தறையில் பிறந்தவர். புதுக்கடையில் பேர்போன சட்டத்தரணி, சட்டசபையில் பறங்கியரின் பிரதிநிதி. 1859இல் நண்பர்களோடு சேர்ந்து 'சிலோன் எக்ஸாமினர்' பத்திரிகையை வாங்கி நடத்தினார். 1871இல், 42 வயதில் காலமானார். பறங்கியர் என்றால் ஒல்லாந்தர் அல்லது போர்த்துக்கேயர் வழி என்றுதான் நினைப்போம். ஆனால் இவருடைய தகப்பனார் ஜெர்மன்காரர்.

இது ஒன்றும் அபூர்வமில்லை. ஒல்லாந்தக் கம்பனியின் சிப்பாய்களில் பெரும் பங்கினர் ஜெர்மன் ஊர்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். பெயர், சொந்த ஊர், ஏறிய கப்பல், சம்பளம் எல்லாம் கம்பனியின் பேரேட்டில் ஏறியது. அந்தப் பேரேடுகள் இன்றும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கின்றன. அதனால் முன்னூறு வருடத்துக்கு முன் வந்த ஒரு சாதாரண சிப்பாயின் ஊரைக்கூட அவருடைய பேரப்பிள்ளைகளால் தேடிப் பிடிக்க முடிகிறது.

கப்பலில் பெண்கள் வந்தது மிகக் குறைவு. ஆகவே பிள்ளைகளின் தாய்மார் பெரும்பாலும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஒரு பெண் ஞானஸ்நானம் பெற்று மரியா, அன்னா என்று ஆனதும் அவள் பிறந்த வீட்டின் அடையாளம் பதிவில் இருந்து மறைந்துவிடும். கொட்டாஞ்சேனைப் பக்கம் வொல்வெண்டால் தேவாலயத்தில், 1757இல் திறந்த அந்தக் கட்டடத்தில், கல்லறைக் கற்களைப் பாருங்கள். ஐரோப்பியப் பரம்பரைச் சின்னங்கள் எவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன!

பிரதம நீதியரசர் ஒட்லி, பிரிட்டிஷ் ஆட்சியின் ஆரம்ப காலத்தில், பறங்கியர் யார் என்று விளக்கினார். தகப்பன் வழி ஐரோப்பியமாக இருந்தால் போதும், தாய் யாராக இருந்தாலும் சரி. 1908இல் டச்சுப் பறங்கியர் சங்கம் தொடங்கியபோதும் உறுப்புரிமைக்கு ஆண்வழிதான் அளவுகோல். சங்கத்தின் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சானது. 1956க்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போன பலருக்கு இன்று அந்தப் பக்கங்கள்தான் ஊர் ஞாபகம். அந்த உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் சிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதே காலத்தில் நாமும் இதைத்தான் செய்தோம். சோனகர் தமிழ் இனத்தவரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாசித்த கட்டுரைக்கு, 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதினார். வாதம் முழுக்க அரபு வாப்பாமாரைப் பற்றி. தமிழ் பேசிய உம்மாமார் ஓரத்தில் நின்றார்கள். இத்தனைக்கும் கிழக்கில் எங்கள் சொந்தங்களிடம் 'குடி' தாய்வழியாகத்தான் போகிறது.

போன தவணையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரையச் சொன்னோம். வாப்பா வழியில் நாலு தலைமுறை எழுதினவர்கள் இருந்தார்கள். உம்மா வழியில் அனேகமானோர் உம்மும்மாவோடு நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் அடுத்த கட்டத்தில் "கேட்டு எழுதுறன் சேர்" என்று போட்டிருந்தாள். அடுத்த கிழமை பெயரோடு வந்தாள். வீட்டில் இருந்த ஒரு பழைய காணி உறுதியில் கிடைத்ததாம்.

உங்கள் உம்மும்மாவின் உம்மாவுக்குப் பெயர் என்ன? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.